புயலோடு போனவர்

மஸ்கட்
18.11.2023

அன்புள்ள பரிமளா,

நான் உயிரோடு இருக்கிறேன். என் நிலைமையில் இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பெலிக்ஸ் அண்ணன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "லேய், இது உனக்க பொண்டாட்டியில்லா?" என்றார். ரூமில் இருந்த எல்லாரும் கூடிவிட்டார்கள். கஜா புயல் வந்து ஐந்து வருஷம் ஆனதற்கு டிவியில் போட்ட நிகழ்ச்சி. "புயலை இழுத்து வீழ்த்திய எட்டுப் பெண்கள்" என்று தலைப்பு. நம் பள்ளிக்கூட மைதானம், கயிறு, நீங்கள் மாவட்டக் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த கப்பு எல்லாம் வந்தது. கயிற்றின் கடைசியில் நீ. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுலதாண்ணே, அதுதான் கடைசி ஆளு" என்று சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் டிவியில் ஒருத்தன் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு சொல்கிறான்: "கணவனைப் புயலுக்குப் பறிகொடுத்த பரிமளா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்."

அதற்கு ஏற்ற மாதிரி நீ அழுகிறாய். பின்னால் புல்லாங்குழல் வேறு.

சமைத்துக்கொண்டிருந்த ரூம் பையன் சந்தோஷ் அடுப்பை அணைத்துவிட்டான். பெலிக்ஸ் அண்ணன் குனிந்து என் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். அவர் விளையாட்டுக்குத்தான் பார்த்தார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் கேட்கலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். இங்கே எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அங்கே நீ அம்மாவுக்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். நாம் ஒன்று பேச ஆரம்பித்து இன்னொன்றில் சண்டையாகி முடியும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நான் செத்துப்போனதாக யார் சொன்னது? நீ ஏன் அழுதாய்?

ஆனந்தராஜ்


சேந்தன்வயல்
19.11.2023

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்து மகிழ்ச்சி. இங்கே அதை நம்பவைக்கத்தான் மூன்று நாளாகப் பாடுபடுகிறேன்.

அறந்தாங்கிப் பெரியம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்து வந்து, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். போன வாரம்தான் உங்களோடு போனில் பேசியிருக்கிறார்! "டிவிலயே சொல்லிட்டாங்களேடி" என்கிறார். உங்கள் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு டிவிப் பெட்டியை அடிக்கப் போய்விட்டார். ஹரிணி பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சாக்லேட் கொடுத்தாராம். உங்கள் மகள் அதை முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான், "எங்கப்பா மஸ்கட்ல இருக்காரு மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ரகுநாத் என்று ஒரு பையன், அந்த டிவியில் நிருபர், ஊர் கீரனூர். தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறான். நல்ல பையன்தான். ஆனால் வரும்போதே கதையை எழுதி முடித்துக்கொண்டு வந்துவிட்டான். "விழுந்து கெடக்குற தென்னை மரத்தக் கயிறு கட்டி இழுங்கக்கா, ஒரு ஷாட் எடுத்துக்கிறேன்" என்றான். அஞ்சு வருஷம் கழித்து விழுந்த மரத்துக்கு நான் எங்கே போக? கடைசியில் ஆவுடையப்பன் சித்தப்பா புது வீடு கட்ட வெட்டிப்போட்டிருந்த மரத்தை இழுத்தோம். டிவியில் நீங்கள் பார்த்தது அதுதான். சித்தப்பா, "எம் மரம் புயலுக்கே விழுகாத மரம்டா" என்று இன்னும் கோபமாக இருக்கிறார்.

புயல்தான் எங்களைக் கயிறு பிடிக்க வைத்ததாம். நாங்கள் கயிறு பிடித்தது 2016 பொங்கலில். உங்களுக்கே தெரியும். புயல் வந்ததால் ஒரு வருஷம் போட்டி நடக்கவில்லை. எங்களுக்கும் புயலுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். அதை ரகுநாத்திடம் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினான்.

பிறகு, "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டான். "அவரு புயலோட போனவருதான்" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. குனிந்து "சாரிக்கா" என்றான். எதற்கு சாரி சொல்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அழுதது கயிறு அறுத்த எரிச்சலில். கடைசி ஆள் கயிற்றை இடுப்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்வை பட்டால் தீயாக எரியும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் மாவட்டத்தில் முதலாவதாக வந்ததைப் பற்றி நல்லது என்றோ கெட்டது என்றோ அதில் ஒரு வரி இல்லை. அவன் உங்களைக் கொன்றான். நீங்கள் எங்கள் ஆட்டத்தையே கொன்றுவிட்டீர்கள்.

பரிமளா


மஸ்கட்
24.11.2023

அன்புள்ள பரிமளா,

உன் கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்துவிட்டு நாலு நாள் பதில் எழுதத் தோன்றவில்லை. நீ சொன்னது சரி. ஆனால் உடனே சரி என்று எழுதினால் நான் நானாக இருக்க மாட்டேனே.

"புயலோட போனவரு" என்று நீ சொன்னதைப் படித்ததும் எனக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. நம் தென்னந்தோப்பில் நின்ற மரமெல்லாம் சாய்ந்து இரண்டு மாதம். நான் பெட்டியோடு நிற்கிறேன். நீ ஹரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மரம் போச்சு, இப்ப நீங்களும் புயலோட போறீங்க" என்றாய். நடுவில் ஒரு தடவை லீவில் வந்தபோதும் அதைப் பற்றி நாம் பேசவில்லை. மறுபடி கன்று வைக்கலாம் என்று நீ சொன்னாய். சாய்ந்த தோப்பைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

ரகுநாத் பையனுக்கு அது தப்பாகப் புரிந்தது. எனக்குச் சரியாகப் புரிந்தது. இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

அது கிடக்கட்டும். நீங்கள் ஜெயித்தது எப்படி? அந்த நிகழ்ச்சியில் கப்பைக் காட்டினார்கள், கண்ணீரைக் காட்டினார்கள், இழுத்ததை மட்டும் காட்டவில்லை. எதிர்த்து நின்றது யார்? ஒன்றும் விடாமல் எழுது. எரிச்சலில் அழுதேன் என்று மட்டும் மறுபடி எழுதாதே. பிரசவத்துக்கே அழாதவள் நீ.

இன்னொன்று. நான் உயிரோடு இருப்பதை அந்த டிவி சொல்லியாக வேண்டும். காம்ப்பில் "மறைந்த ஆனந்தராஜுக்கு ஒரு டீ" என்றுதான் இப்போது கூப்பிடுகிறார்கள்.

ஆனந்தராஜ்


சேந்தன்வயல்
30.11.2023

அன்புள்ள மச்சானுக்கு,

கேட்டுவிட்டீர்கள் அல்லவா, இனி என்னை நிறுத்த முடியாது.

ஃபைனலில் எதிரே ஒரு காலேஜ் டீம். எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி ஷூ. நாங்கள் எட்டுப் பேரும் எட்டு விதம். சொர்ணவல்லி அக்கா மகனுடைய ஸ்கூல் ஷூவைப் போட்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் ஆட்டத்தில் விசில் ஊதியதும் எங்களைக் கோழிக்குஞ்சை இழுப்பது போல் இழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தேன்.

சொர்ணவல்லி அக்காதான் எங்களுக்குக் குரல் கொடுப்பவர். "யாரும் இழுக்காதீங்கடி. சும்மா இருந்து புடிங்க. சின்னப் பிள்ளைக, பொறுக்க மாட்டாளுக" என்றார். இரண்டாவது ஆட்டத்தில் குதிகாலை மண்ணில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அப்படியே உட்கார்ந்த மாதிரி நின்றோம். "இரு... இரு... இரு..." என்கிறார் அக்கா. எதிரில் முதல் பெண் ஒரு அடி மாற்றி வைத்தாள். "இப்ப!" என்றார். எல்லாருக்கும் ஒரே மூச்சு. கயிற்றின் நடுவில் கட்டிய துணி எங்கள் கோட்டுக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது ஆட்டம் ரொம்ப நேரம் நகரவே இல்லை. எனக்கு முன்னால் ஷீபா. தையல் மெஷின் மிதித்து மிதித்து அவள் கால் கல் மாதிரி இருக்கும். அவள் முதுகை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு ஆடினால் போச்சு. ஆடவில்லை. எப்போது ஜெயித்தோம் என்றே எனக்குத் தெரியாது. ஷீபா திரும்பி என் மேல் விழுந்தபோதுதான் தெரிந்தது.

எழுந்ததும் கூட்டத்தைப் பார்த்தேன். சொர்ணவல்லி அக்கா வீட்டுக்காரர் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். ஒவ்வொருத்திக்கும் ஒருத்தர் ஓடி வந்தார்கள். என் கண் பாட்டுக்கு உங்களைத் தேடியது. நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே தேடியது. அப்போது அழவில்லை. ரகுநாத் வந்து "ஜெயிச்சதும் யாரக்கா மொதல்ல நெனச்சீங்க?" என்று கேட்டபோது அழுதுவிட்டேன். போதுமா?

ஒரு வருத்தமான சேதியும் உண்டு. ஷீபா வீட்டுக்கு இன்னமும் தார்ப்பாய்தான் கூரை. அஞ்சு வருஷமாக மனு கொடுக்கிறாள். நிகழ்ச்சி வந்த மறுவாரம் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "சேந்தன்வயலா? நீங்கதான் புயலையே ஜெயிச்சவங்களாச்சே, ஒங்களுக்கு என்னம்மா கொறை?" என்றாராம். அவள் என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. ரகுநாத் படம் எடுக்க வந்தபோது அவள் வீட்டைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போனான். "இதையும் எடு தம்பி" என்று நானே சொன்னேன். "இது நம்ம கதைக்குச் சேராதுக்கா" என்றான்.

ஜனவரியில் திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்கு முன்னால் பொங்கல் நிகழ்ச்சிக்கு ரகுநாத் மறுபடி வருகிறான். உங்களை உயிர்ப்பிக்கச் சொல்கிறேன்.

பரிமளா


மஸ்கட்
8.12.2023

அன்புள்ள பரிமளா,

மூன்று ஆட்டத்தையும் ரூமில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த பாராவைப் படிக்கவில்லை, அது எனக்கு மட்டும். "அடுத்து என்னலே எழுதியிருக்கு?" என்று பெலிக்ஸ் அண்ணன் விடவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது ரூமே கிறுக்குப் பிடித்து அலைகிறது. எங்கள் கம்பெனியில் வருஷக் கடைசியில் விளையாட்டு விழா உண்டு. அதில் கயிறு இழுக்கப் பெயர் கொடுத்துவிட்டோம். நான்தான் கடைசி ஆள். இடுப்பில் கயிற்றைச் சுற்றுவது எப்படி என்று படம் போட்டு அனுப்பு. சந்தோஷ் இப்போதே "இரு... இரு..." என்று கத்தப் பழகுகிறான், கக்கூஸ் வாசலில்.

ரகுநாத்திடம் மறக்காமல் சொல். பெரியம்மாவுக்காகவாவது சொல்.

ஆனந்தராஜ்


சேந்தன்வயல்
20.12.2023

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

ரகுநாத் நேற்று வந்தான். எட்டுப் பேரும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தோம். சொர்ணவல்லி அக்கா புதுச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார். நான் கேமராவை எடுக்கவே விடவில்லை.

"தம்பி, எம் வீட்டுக்காரர் உசுரோட இருக்காரு. அதச் சொல்லு மொதல்ல" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. "தெரியும்க்கா. மறுநாளே கமெண்ட்ல ஒங்க ஊர்க்காரங்க திட்டித் தீத்துட்டாங்க. ஆனா அந்த வீடியோவ எத்தனையோ லட்சம் பேரு பாத்து அழுதிருக்காங்க. இப்பப் போயி உசுரோட இருக்காருன்னு சொன்னா கோவப்படுவாங்கக்கா."

"எம் புருசன் உசுரோட இருக்குறதுக்கு அவங்களுக்கு என்னப்பா கோவம்?"

அவன் கேமராப் பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். "ஷீபா வீட்டயும் காட்டணும்" என்றேன். அப்போது அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் உள்ளதச் சொல்றேன். திருத்தம் போட்டா அது ஒரு கொறை. தார்ப்பாயக் காட்டுனா அது ஒரு கொறை. பொங்கல் நிகழ்ச்சியில ரெண்டு கொறைக்கு எடம் கெடையாது. ஒண்ணுக்குன்னா நான் எப்படியாச்சும் சண்டை போட்டு வாங்கிருவேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஷீபா உடனே, "அண்ணனப் பத்திச் சொல்லச் சொல்லுக்கா, எனக்குக் கூரை எப்ப வேணா வந்துட்டுப் போவுது" என்றாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மச்சான், நான் ஷீபா வீட்டைச் சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் நீங்கள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். அவள் வீட்டுக்குள் மழை பெய்வது அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் நின்றுதான் பேசுவோம், அவள் வீட்டிலிருந்துதான் நிகழ்ச்சி ஆரம்பிக்க வேண்டும் என்று எட்டுப் பேரும் சொல்லிவிட்டோம். சொர்ணவல்லி அக்காதான் முதலில் எழுந்து ஷீபா வீட்டுச் சகதிக்குள் புதுச் சேலையோடு போனார்.

இன்னும் கொஞ்ச நாள் டிவியில் மட்டும் இறந்தவராக இருங்கள். திட்டுவதென்றால் போனிலேயே திட்டலாம், ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

இடுப்புக் கயிற்றுக்குப் படம் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மனுஷன் மாதிரி வரவில்லை, கயிறு சரியாக வந்திருக்கிறது.

பரிமளா


மஸ்கட்
25.12.2023

அன்புள்ள பரிமளா,

படித்ததும் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு காம்ப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பெலிக்ஸ் அண்ணன் கூடவே வந்தார். நான் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உனக்க உசிரு இவ்வளவு வெல போகும்னு நெனைக்கலியே மக்கா. ஒரு கூரைக்குச் சமம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ செய்தது சரி. புயல் அடித்த அன்று ஷீபாவின் அப்பாவும் நானும் ஊரே ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக் கதவைச் சேர்ந்துதான் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டுக் கூரை பறந்து போவதை இரண்டு பேரும் பார்த்தோம். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். ஐந்து வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அந்த வீட்டைப் பற்றிப் போனில் உன்னிடம் கேட்டதில்லை. கூரை வரட்டும். நான் அதுவரை செத்தே இருக்கிறேன்.

விளையாட்டு விழாவில் முதல் ரவுண்டிலேயே தோற்றோம். எதிரே சமையற்கட்டு ஆட்கள். அவர்கள் இருந்து பிடிக்கிறார்கள், நாங்கள் இழுக்கிறோம். நீ வரைந்த படத்தில் கயிறு சரிதான், அதைச் சுற்றியிருந்தவன்தான் சரியில்லை.

இன்று கிறிஸ்துமஸ். பெலிக்ஸ் அண்ணன் எல்லாருக்கும் கேக் வாங்கினார்.

ஆனந்தராஜ்


சேந்தன்வயல்
2.2.2024

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்ல நிறைய இருக்கிறது, கையில்தான் பலம் இல்லை. காப்புக் காய்த்திருக்கிறது.

பொங்கல் நிகழ்ச்சியில் ரகுநாத் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான். ஷீபா வீட்டில்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் தார்ப்பாய்க் கிழிசல் வழியாக வானம் தெரிந்தது. அந்த வாரமே ஆபீசிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். நேற்று வீடு கட்ட ஆர்டர் வந்துவிட்டது. தை முடிவதற்குள் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட வேண்டும் என்று ஷீபா தலைகால் புரியாமல் அலைகிறாள்.

திருச்சியில் தோற்றுவிட்டோம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தபோது நாலு கேமரா நின்றது. அரையிறுதியில் தேனிப் பெண்கள் எங்களைச் சுத்தமாக இழுத்துவிட்டார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பார்த்தால் ஒரு கேமராவும் இல்லை. எங்களுக்கு அது பெரிய நிம்மதி. பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேரும் பரோட்டா தின்றோம். அப்படிச் சிரித்துத் தின்று ரொம்ப நாளாகிறது.

மறுநாள் ரகுநாத் போன் செய்தான். தோற்றதில் ஊரே சோர்ந்துவிட்டதா, புயலடித்த நாள் ஞாபகம் வந்ததா என்று கேட்டான். சொர்ணவல்லி அக்கா போனைப் பிடுங்கி, "தம்பி, அந்தப் பிள்ளைக எங்கள விட நல்லா இழுத்தாளுக. அவ்வளவுதான். புயல் எங்கயோ போயிருச்சு, நீயும் வேலையப் பாரு" என்றார். அந்தப் பக்கம் அவன் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.

நீங்கள் மஸ்கட்டுக்குப் போன அந்த வருஷம் நான் தோப்பில் வைத்த தென்னங்கன்றில் ஒன்று பாளை விட்டிருக்கிறது. போட்டோ அனுப்பவில்லை. போட்டோவில் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை அது.

பரிமளா


மஸ்கட்
7.2.2024

அன்புள்ள பரிமளா,

லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்சியில் இறங்குகிறேன். இரண்டு மாதம் இருப்பேன். அதற்கு அப்புறம் திரும்பி வருவதா வேண்டாமா என்பதைத் தோப்பில் நின்று பேசிக்கொள்ளலாம். இந்த முறை தோப்பைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். உனக்கு என்ன வாங்கி வரட்டும்? சும்மா ஒன்றும் வேண்டாம் என்று எழுதாதே.

ஆனந்தராஜ்


சேந்தன்வயல்
9.2.2024

அன்புள்ள மச்சானுக்கு,

எட்டு ஜோடி ஷூ. அளவெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சொர்ணவல்லி அக்காவுக்கு மட்டும் சிவப்பு நிறம் வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்குப் பயிற்சி உண்டு, நிறுத்த முடியாது. இப்போது ஊர் ஆம்பளைகளை எதிரில் நிற்க வைத்து இழுத்துப் பழகுகிறோம். அவர்கள் பக்கம் கடைசியில் நின்ற கார்முகில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த இடம் காலியாக இருக்கிறது. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, அத்தை கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நேரே மைதானத்துக்கு வாருங்கள். அந்தக் கடைசியில் நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசியில் நான் இருப்பேன்.

தூரத்திலிருந்து வந்தவர் என்று நான் விட்டுத்தர மாட்டேன். நீங்களும் விடக்கூடாது.

பரிமளா